ஆடியில் தைத்த சட்டை

ஜூலை 18, 2025, வெள்ளி

ஆடி பிறந்து இரண்டாம் நாள். கும்பகோணம் பெரிய தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகக்கூட இடமில்லை. கடைக்குக் கடை வாசலில் மேஜை போட்டு சட்டைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் 299. மூன்றாக எடுத்தால் 799. மைக் பிடித்தவருக்குக் காலையிலேயே தொண்டை கட்டிவிட்டது.

ஆடித் தள்ளுபடிக்கு டெல்டாக்காரனுக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, நாற்று விட்டு, குறுவை நட்டு, இருந்த காசெல்லாம் வயலுக்குள் இறங்கியிருக்கும். யார் கையிலும் பணம் புழங்காத நேரம் பார்த்துத்தான் கடைக்காரரும் தேங்கிய சரக்கை இறக்குகிறார். மாதச் சம்பளக்காரனுக்கு மட்டும் இது கொஞ்சம் தோதான மாதம்.

என் நிலவரம் இதுதான். வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் வசூல் வேலை, சம்பளம் 17,000. வீட்டுக்குக் கொடுத்து, வண்டித் தவணை, பெட்ரோல், சீட்டு எல்லாம் போக, துணிக்கென்று தீபாவளி வரை 5,000 ஒதுக்கியிருக்கிறேன். அதற்குள் வேலைக்கு இரண்டு முழுக்கைச் சட்டை, ஒரு பேன்ட், ஆவணியில் நண்பன் கல்யாணத்துக்கு வேட்டி, சட்டை. ஆபீஸில் இன் பண்ணி, ஷூ போட்டுத்தான் வர வேண்டும். ஆனால் நான் பாதி நாள் ஆபீஸிலேயே இருப்பதில்லை. குடவாசல், வலங்கைமான் பக்கம் வெயிலில் பைக்கில் சுற்றுகிறேன்.

299 குவியலில் கைவிட்டுப் பார்த்தேன். எல்லாம் வழவழவென்று இருந்தது. ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

எங்கள் ஊர் திருபுவனம். பட்டுப்புடவைக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். சரபேஸ்வரரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் புடவைப் பையோடுதான் திரும்புவார்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நல்ல சட்டைத் துணிக்கு அல்லாடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

பக்கத்து வீட்டு மாமா தறி நெய்கிறவர். துணி எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டதும் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். நான் போட்டிருந்த சட்டையின் உள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினார். நூல் சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக இறுகியது. "பாலியஸ்டர்டா இது. பருத்தின்னா காகிதம் எரியற வாசனை வரும், சாம்பல் தொட்டாலே உதிரும். பட்டுன்னா முடி கருகற நாத்தம்." சட்டையில் இருந்த சீட்டு என்னவோ காட்டன் ரிச் என்றது.

கடையில் வைத்துக் கொளுத்த முடியாதே என்றேன். சிரித்தார். அதற்கும் வழி சொன்னார். துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கித் தேய்க்க வேண்டும். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் கஞ்சி போட்டுக் கனம் காட்டியிருக்கிறார்கள், முதல் சலவையிலேயே தொளதொளத்துவிடும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். பாவும் ஊடையும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும், ஒரே சீராக இருக்கிறதா, எங்காவது திட்டுத் திட்டாக இடைவெளி விட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைசியாக உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விட வேண்டும். கொஞ்சம்கூடக் கசங்காத பருத்தி என்று யாராவது சொன்னால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது அல்லது மருந்து போட்டிருக்கிறது.

நூல் நம்பர் பற்றி எனக்கு இதுவரை சரியாகத் தெரியாது. 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் அப்படி எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. வேலைக்குப் போடும் சட்டைக்கு 40, மிஞ்சினால் 60 போதும் என்பது மாமாவின் தீர்ப்பு. 100 நம்பர் நூலில் எடுத்தால் மேலுக்குச் சுகமாக இருக்கும், என் பைக் ஓட்டத்துக்குத் தாங்காது.

ஜூலை 26, சனி

துணியாக வாங்கித் தைப்பது என்று முடிவு. ரெடிமேடில் ஒரு சட்டைக்கு 999 போட்டிருந்தார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி 12 சதவீதம், அதற்குள் 5 சதவீதம். 999 என்கிற விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

58 அங்குல அகலத்தில் முழுக்கைக்கு 1.60 மீட்டர், பேன்ட்டுக்கு 1.20 மீட்டர். 36 அங்குல அகலத் துணியாக இருந்தால் சட்டைக்கே 2.25 மீட்டர் கேட்கும். இது தெரியாமல் மீட்டர் விலையை மட்டும் பார்த்தால் அகலம் குறைந்த துணி மலிவாகத் தெரியும். மீட்டர் 230 ரூபாயில் ஒரு வெள்ளை, ஒரு கருநீலம். சாம்பல் நிறமும் வான்நீலமும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் வலங்கைமான் போய்ச் சேர்வதற்குள் அக்குளில் இரண்டு குளம் தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் வேர்வை அவ்வளவாகக் காட்டாது. பேன்ட்டுக்கு அடர் சாம்பல், இரண்டு சட்டைக்கும் ஒத்துப்போகும்.

ஜூலை 27, ஞாயிறு

சட்டைத் துணி இரண்டையும் தனித்தனி வாளியில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காயப்போட்டேன். சுருங்க வேண்டியதெல்லாம் இப்போதே சுருங்கட்டும்.

ஜூலை 29, செவ்வாய்

டெய்லர் பாய் கடை. ஆடி என்பதால் ஆள் இல்லை, ரேடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முன்னால் இதே கடையில் அளவு கொடுக்கவே வரிசையில் நிற்க வேண்டும், காஜா எடுக்கிற பையன் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வீட்டுக்குப் போவான். இப்போது பாய் நிதானமாக அளந்தார், நிதானமாகப் பேசினார். தள்ளுபடி என்று யாரும் விளம்பரம் போடாத ஆடி லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

"அளவுச் சட்டை கொண்டாந்திருக்கீங்களா தம்பி?" என்றார். நீட்டினேன். விரித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். "இது உங்க சட்டையே இல்லை. ஷோல்டர் ரெண்டு விரக்கடை கீழ இறங்கியிருக்கு." தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் வந்து நிற்க வேண்டுமாம். சைடைப் பிடித்துவிடலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை வெட்டலாம். ஷோல்டரில் கை வைத்தால் கையைக் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குப் புதுச் சட்டையே தைத்துவிடலாம். ரெடிமேட் எடுத்தாலும் ஷோல்டரை மட்டும் பார்த்து எடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

நான் கேட்டது: உடம்பை ஒட்டித் தைக்க வேண்டாம், பைக்கில் கை நீட்டினால் முதுகு இழுக்கக் கூடாது. இன் பண்ணினால் வெளியே வராத நீளம். காலர் பட்டன் போட்டால் இரண்டு விரல் நுழைய வேண்டும். பேன்ட்டுக்கு இடுப்பின் பின் தையலில் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விட வேண்டும். எனக்கு வயது 24. அப்பாவின் இடுப்பைப் பார்த்தால் அந்தத் துணி தேவைப்படும் என்றே தோன்றுகிறது.

சட்டை 380, பேன்ட் 550. தையல் கூலி துணி விலையைத் தாண்டுகிறதே என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கு அதில் வருத்தமில்லை. 299 சட்டையில் தையலுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தால் அதைப் போடவே மனம் வராது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஜூன் கடைசியிலேயே மேட்டூர் நிரம்பிவிட்டதால் காவிரியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. படித்துறையில் காப்பரிசி, காதோலை, கருகமணி. பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. வீட்டிலிருந்து நான் மட்டும் நாலு முழ வேட்டியில்.

நாலு முழம் புழங்குவதற்கு எளிது, விலை குறைவு, மடித்துக் கட்டினால் பைக் ஓட்டலாம். ஆனால் மெல்லிய நூலாக இருந்தால் வெயிலில் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை, நிற்கும்போது விழுகிற மடிப்பும் அழகு. கல்யாணத்துக்கு எட்டு முழம்தான். தாத்தாவுடையதே பீரோவில் இருக்கிறது, மயில்கண் கரை, நாப்தலின் வாசனையோடு. செலவு மிச்சம். அன்றாடத்துக்கு மட்டும் கைத்தறியில் ஒரு நாலு முழம் 480-க்கு வாங்கியிருக்கிறேன்.

ஒட்டுப் பட்டி வைத்த வேட்டியைப் பற்றி நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. பந்தி பரிமாறுகிறவனுக்கு அது பெரிய உதவி. வேட்டியே கட்டாமல் போவதைவிட ஒட்டிக்கொண்டு போகலாம்.

2014-ல் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. எங்கள் ஆபீஸுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

சட்டை வந்துவிட்டது. வெள்ளைக்குள் வெள்ளை பனியன் போட்டால் பனியனின் ஓரம் அப்படியே தெரிகிறது. வெளிர் சாம்பலோ தோல் நிறமோ போட்டால் தெரிவதில்லை. திருப்பூர் பனியன் மூன்று, 390 ரூபாய். பனியன் வேர்வையை வாங்கிக்கொண்டால் சட்டை இரண்டு மடங்கு நாள் உழைக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சலவை நாள். எங்கள் தெரு போர் தண்ணீரில் இரும்பு அதிகம். வெள்ளையை அதில் அலசினால் சில வாரத்தில் காவி ஏறுகிறது. குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்துத்தான் வெள்ளைக்கு. கருநீலத்தை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போட வேண்டும். கொடியில் வெயிலுக்கு நேரே போட்டால் தோள்பட்டை மட்டும் சீக்கிரம் வெளுக்கும். காலர் அழுக்குக்குத் துவைக்கும் சோப்பைத் தடவி ஊறவிட்டு விரலாலேயே தேய்த்தால் போதும். பிரஷ் போட்டால் மடிப்பில் நூல் பிசிறும்.

வேட்டிக்குச் சொட்டு நீலம் இரண்டு துளி, வடிகஞ்சி நீர்க்க. அம்மா போடுகிற கஞ்சியில் வேட்டி தானாகவே எழுந்து நிற்கும்.

இஸ்திரி முக்கில் நிற்கும் அண்ணனிடம். ஒரு சட்டைக்கு 10 ரூபாய். கரிப்பெட்டியின் கனத்துக்கு வீட்டு மின்பெட்டி ஈடில்லை, லேசான ஈரத்தோடு கொடுத்தால் இன்னும் நன்றாக விழுகிறது. மாதம் இருநூறு சொச்சம் இதற்கே போகிறது. துணிக்கணக்கில் நான் வெட்ட மாட்டேன் என்று வைத்திருக்கும் ஒரே செலவு.

ஆகஸ்ட் 21, வியாழன்

கல்யாண வாட்ஸ்அப் குழுவில் பிரளயம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. ஒயின் கலர், சாட்டின் பளபளப்பு, ஆளுக்கு 700. துணியாக ஒரே ரோலில் எடுத்து அவரவர் தைத்துக்கொள்ளலாமே, அடுத்தும் போடலாமே என்று எழுதினேன். "மாப்ள, நீ தலைவர் மாதிரி பேசாத, ஜிபே பண்ணு" என்று பதில். ஃபிளக்ஸுக்குப் போட்டோ கொடுத்தாகிவிட்டதாம். 700 அனுப்பிவிட்டேன். இது துணிச் செலவில் வராது, மொய்யோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் நேற்று முடிந்தது. எல்லாருக்கும் ஒரே சைஸ் சட்டம்போல எக்ஸ்எல் வந்திருந்தது. ஒல்லியானவன் மேல் கூடாரம், குண்டானவன் வயிற்றில் பட்டன் இழுபறி. நான் முந்தின நாளே பாயிடம் ஓடி, 60 ரூபாய் கொடுத்துச் சைடு பிடித்து வந்தேன். போட்டோவில் என் சட்டை மட்டும் விலை கூடினது போலத் தெரிகிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். தாத்தா வேட்டியும் காரணமாக இருக்கலாம். முகூர்த்த நேரத்தில் மண்டபத்து மின்விசிறி ஓடியும் சாட்டின் முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாப்பாடு முடிந்ததும் வெள்ளைக் காட்டனுக்கு மாறிவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ரெக்சின் பெல்ட் உரிந்துவிட்டது. தோல் பெல்ட், 450. ஷூ அதே பழசுதான், அடியில் மட்டும் தையல் போட்டு, பாலிஷ்.

செப்டம்பர் 23, செவ்வாய்

குடவாசல் பக்கம் குறுவை அறுவடை மெஷின்கள் சாலையில் ஊர்கின்றன. தவணை கேட்கப் போன வீட்டில் பெரியவர் ஒருவர் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, என் சட்டைக் கையைத் தடவிப் பார்த்து, "எங்க தச்சீங்க?" என்றார். பாய் கடையைச் சொன்னேன். ஆனால் அங்கே இன்று காலை அட்டை தொங்கவிட்டாயிற்று: அக்டோபர் 5-க்கு மேல் தீபாவளி ஆர்டர் எடுப்பதில்லை. சீக்கிரம் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்றிலிருந்து ஜிஎஸ்டி மாறிவிட்டது. ரெடிமேடில் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். 999 அட்டைகள் இன்னும் மாறவில்லை.

கையில் மீதி 400 சொச்சம். இந்தத் தடவை தீபாவளிக்குத் தையல் கூலி கட்டுப்படியாகாது. கோ-ஆப்டெக்ஸில் வழக்கம்போல 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. 600 ரூபாய்க் கைத்தறி அரைக்கைச் சட்டை 420-க்கு வரும். ஞாயிற்றுக்கிழமை போய் ஷோல்டர் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.