தண்ணி குடிக்க விடுவாங்களா?

நான் சிரித்திருக்கக் கூடாது. மற்றதையெல்லாம் எப்படியாவது நியாயப்படுத்திவிடலாம். பேசியது சரி, பேசின நேரம் சரி, அவர்தான் முதலில் கேட்டார் என்பதும் சரி. அந்தச் சிரிப்பு மட்டும் எந்தக் கணக்கிலும் சேர மாட்டேன் என்கிறது.

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. நான் வேலை பார்க்கிற டயாலிசிஸ் யூனிட்டில் திங்கள், புதன், வெள்ளி இரண்டாவது ஷிப்டில் ஆறாம் நம்பர் மெஷின் அண்ணாச்சிக்கு. டயாலிசிஸுக்குப் பண்டிகை நாள் கிடையாது. கிட்னி லீவு போட்டதால்தான் இவர்கள் இங்கே வருகிறார்கள், நாங்களும் லீவு போட்டால் என்ன ஆவது? சபையில் பன்னிரண்டு மணிக்கு மும்மணி ஆராதனை தொடங்கிய நேரம், நான் அவர் கையில் இரண்டாவது ஊசியைப் போட்டு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழிந்ததும் கேட்டார்.

"தம்பி, இன்னைக்கு ஒங்க சாமி செத்த நாளுல்லா? கோயிலுக்குப் போவலியா?"

"டூட்டி அண்ணாச்சி."

"ஞாயித்துக்கிழமை எந்திச்சிருவாருன்னு சொல்லுதாவளே. நீ நெசமாவே நம்புதியா?"

கிண்டல் இல்லை. ஆறு வருடமாக மெஷினில் படுக்கிற மனிதர், செத்தவர் எழுந்தார் என்பதை ஒரு தகவலாக விசாரிக்கிறார். நான் குனிந்து மெஷினில் வீனஸ் பிரஷரை, ரத்தம் உடம்புக்குத் திரும்பிப் போகிற அழுத்தத்தை, பார்த்தேன். 140. பத்து நிமிடமாக அது 140தான்.

"அதெல்லாம் எங்க ஆளுங்க நம்பிக்கை அண்ணாச்சி" என்றேன்.

எங்க ஆளுங்க. அந்த ஆளுங்களில் நானும் சேர்த்தியா இல்லையா என்று யாருக்கும் பிடிபடாதபடி ஒரு பதில். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்காவது சேவல் கூவியது. எனக்கு நாலாம் நம்பர் மெஷினில் அலாரம் அடித்தது. அதை அணைக்கப் போய்விட்டேன்.

திருநெல்வேலிப் பக்கம் தெருவுக்குத் தெரு கோபுரமும் சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஊரில் இதற்கு என்ன பயம் என்று கேட்கலாம். எனக்கு முன்னால் எங்கள் யூனிட்டில் இருந்த ஒரு சிஸ்டர், ஒரு வயதான அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார் என்று அந்த அம்மாவின் மகன் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே சிஸ்டருக்கு வேறு பிளாக். அந்த அம்மாவே கேட்டுத்தான் ஜெபித்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு, யாரும் விசாரிக்கவில்லை. அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் நான் கண்ணை மூடுகிற நேரம் கூடக் குறைந்துவிட்டது. 'அல்லேலூயா பார்ட்டி' என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. சொல்லிவிடக்கூடாது என்பதற்காக எத்தனை வருடம் எத்தனை விஷயங்களை விழுங்கினேன் என்பதுதான் கணக்கு.

இது எல்லாவற்றுக்கும் முந்தியது ஒன்று உண்டு. அப்பா சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுப்பார். வாங்குகிறவர்கள் பத்தடி தள்ளிக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். அப்பா பின்னாலேயே போய் அதைப் பொறுக்கி, வேட்டியில் தூசியைத் துடைத்து, கையிலிருக்கிற கட்டோடு மறுபடியும் சேர்த்துக்கொள்வார். நான் ஆறாம் வகுப்பு. டீக்கடைத் தூணுக்கு அந்தப் பக்கம் நிற்பேன், அவரோடு வரவில்லை என்பது போல. பயம், பயம் என்று எழுதுகிறேன். வெட்கம் என்று எழுதினால்தான் சரியோ என்னவோ.

ஈஸ்டர் விடியற்காலை நாலரைக்குக் கல்லறைத் தோட்டம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், மெழுகுவர்த்தி, பனி. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார் குருவானவர். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகத்தான் சொன்னேன், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று. சுற்றிலும் நம் ஆட்கள் இருந்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்கிறது. அன்றைக்குப் பிரசங்கம் மாற்கு பதினாறாம் அதிகாரம். கல்லறைக்குப் போன பெண்கள், "அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற் போனார்கள்." மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் மாற்கு சுவிசேஷம் இந்த எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு வருகிற பன்னிரண்டு வசனங்கள் அவற்றில் இல்லை என்றார் குருவானவர். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. முதல் ஈஸ்டரே பயந்து ஓடியவர்களோடுதான் முடிகிறது. அப்புறம்தான் உறைத்தது: யாரோ ஒருத்தி ஒரு கட்டத்தில் வாயைத் திறந்திருக்கிறாள், இல்லாவிட்டால் இந்தத் தோட்டத்தில் இத்தனை மெழுகுவர்த்தி ஏது.

நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

திங்கள் எங்களுக்குக் கஷ்டமான நாள். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் இரண்டு முழு நாள் இடைவெளி, எல்லாரும் வீங்கித்தான் வருவார்கள். அண்ணாச்சி நாலு கிலோ ஏறி வந்திருந்தார். வழக்கம்போலத் திட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள், அதில் காபியும் மோரும் குழம்பும் ரசமும் அடக்கம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கேட்டேன். வெயில் தம்பி என்றார். மெஷினைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து பிபி நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏப்ரல் 1, முட்டாள்கள் தினம். அதுவும் மனதில் ஓடியது.

எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போக முடியவில்லை என்று அவர் புலம்பியிருந்தார். அந்த வருடம் உத்திரம் திங்கட்கிழமை, அவருடைய மெஷின் நாள். "இந்த வருசம் உங்க உத்திரமும் எங்க ஈஸ்டரும் ஒரே நிலாவை வச்சுத்தான் அண்ணாச்சி" என்றேன். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். போன திங்கள் பௌர்ணமி, நேற்று ஈஸ்டர். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! இது தெரியாமப் போச்சே" என்றார். அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

"அன்னைக்குக் கேட்டீங்கள்ல, நம்புதியான்னு. நம்புறேன் அண்ணாச்சி."

நாக்கு காய்ந்திருந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். கல் புரண்டு கிடந்ததை, மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்ததை, சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்ததை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, கோர்வையாக வந்தது. அண்ணாச்சி நல்ல கேள்வியாளர்.

"எந்திச்சாரு, சரி. அந்த ஆணி அடிச்ச ஓட்டை?"

"அது இருந்துச்சு. தோமான்னு ஒருத்தர் நம்பல. அவருக்குக் காட்டினாரு."

"மாறலியா?"

"மாறல."

தன் இடது கையைப் பார்த்தார். ஃபிஸ்துலா கை, டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த கை. முழங்கையிலிருந்து கீழே, ஊசி குத்திக் குத்தி இரண்டு இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருக்கும். அதில் அப்போது இரண்டு டியூப்.

"அப்ப நாங்களும் இந்தக் கையோடதான் எந்திக்கணுமோ?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை நேரம் கோர்வையாகப் பேசியவன் நடுவில் நிற்பானா? "அங்க வலியே இருக்காது அண்ணாச்சி" என்றேன். துக்க வீட்டில் சொல்வார்களே, அதே தொனியில்.

"வலி கெடக்கட்டும். தண்ணி குடிக்க விடுவாங்களா?"

நான் சிரித்தேன். பக்கத்து மெஷின்காரரும் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்ததா என்று தெரியாது. இரண்டாவது மணி நேரத்தில் பல பேர் தூங்குவார்கள், அது சகஜம்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் முதல் ஷிப்டுக்கு மாறிவிட்டார். மகனுக்கு வேலை நேரம் மாறிவிட்டது, கூட்டி வர ஆள் இல்லை, காலை பஸ்தான் தோது என்று பதிவேட்டில் காரணம் இருக்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம். ஷிப்டு மாறுவது இங்கே மாதத்துக்கு நாலு நடக்கும்.

நான் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. ஜெபம் பண்ணவில்லை, கைப்பிரதி கொடுக்கவில்லை, சபைக்கு வாங்க என்று கூப்பிடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று அந்தப் பேதுருவே பிற்பாடு எழுதியிருக்கிறார், சேவலுக்குப் பிறகு. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையும் தருகிறது. அது மாற்றும் உரிமை ஆகாது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும். நான் யாரை மாற்றினேன்? இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு, யாரும் கேட்காமலே, எனக்கு நானே வாதாடியிருக்கிறேன்.

ஆனால் அவர் வெள்ளிக்கிழமை கேட்டார், நான் திங்கட்கிழமை சொன்னேன். வெள்ளிக்கிழமை கேட்டது அவருடைய கேள்வி. திங்கட்கிழமை சொன்னது யாருக்கான பதில் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அவர் கையில் இரண்டு ஊசி. நிமிடத்துக்கு 250 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில் 60 லிட்டர், அவருடைய அதே ரத்தம் திரும்பத் திரும்ப என் மெஷின் வழியாகப் போய் வருகிறது. எழுந்து போக முடியாது. அப்பாவிடம் கைப்பிரதி வாங்கியவர்கள் பத்தடி நடந்து கீழே போடவாவது முடிந்தது. அந்தப் பத்தடியை நான் அண்ணாச்சிக்குக் கொடுக்கவில்லை. பயத்தை ஜெயித்தேன் என்று சந்தோஷப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில், பயம் எதையோ சரியாகத்தான் பிடித்து வைத்திருந்தது என்று தோன்றவே இல்லை. இப்படி யோசிப்பதும் பழைய வெட்கம்தான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது என்று மறுநாள் தோன்றும்.

மே மாதம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். வேலை பார்க்கிற இடத்தில் பயத்தை மேற்கொண்டு உயிர்த்தெழுதலைச் சொல்லக் கர்த்தர் கிருபை செய்தார், அவர் அமைதியாகக் கேட்டார் என்று முடித்தேன். ஸ்தோத்திரம் என்றார்கள். "விதைச்சிட்டீங்க தம்பி, விளைய வைக்கிறது அவர்" என்று ஒரு பெரியவர் தோளில் தட்டினார். தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அங்கேயும் சிரித்திருப்பார்கள், அதனால் சொல்லவில்லை என்று இப்போது எழுதலாம். அப்போது அப்படி நினைத்தேனா என்று ஞாபகம் இல்லை.

அந்தக் கேள்வி எனக்குப் புரிந்ததே வெகு நாள் கழித்து. 'விடுவாங்களா' என்று கேட்டாரே, யார் விடுவது? ஆறு வருடமாக அவரைத் தண்ணீர் குடிக்க விடாதவன் நான்தான். எடை மெஷினில் ஏற்றி, நாலு கிலோ என்று எல்லார் முன்னாலும் கத்துகிறவன் நான். அதே வாயால் அதே நாளில் நித்திய ஜீவனைப் பற்றிப் பேசினேன். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அங்கேயும் என்னைப் போல ஒருத்தன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பானா என்பது.

இதைவிட மோசம் ஒன்று. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது, "தாகமாயிருக்கிறேன்." வாலிபர் சங்கத்தில் இருந்தபோது ஒரு பெரிய வெள்ளிக்கு அந்த வார்த்தையை எனக்குக் கொடுத்தார்கள். அது வெறும் தண்ணீர்த் தாகம் அல்ல, ஆத்துமாக்களின் மேலுள்ள தாகம் என்று கால் மணி நேரம் பேசினேன். அண்ணாச்சி கேட்டபோது அந்த வார்த்தை வாசல் வரைக்கும் கூட வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் அதுவும் ஒரு பிரசங்கக் குறிப்பாகத்தான் போயிருக்கும், பக்கத்து மெஷின்காரர் தலையாட்டியிருப்பார். சொல்லாததே நல்லது என்று சில நாள் நினைக்கிறேன்.

2025ல் ஈஸ்டர் ஏப்ரல் 20. மறுநாள் பத்து மணிக்கு நான் ஷிப்டுக்குள் நுழையும்போது அண்ணாச்சி மெஷினிலிருந்து இறங்கி, ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு ஐஸ்கட்டியை ஒதுக்கியிருந்தார். அது அவருடைய அன்றைய தண்ணீர்க் கணக்கில் வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன தம்பி, இந்த வருசமும் எந்திச்சாச்சா?"

"எந்திச்சாச்சு அண்ணாச்சி."

"அவருக்கென்ன" என்றார். எழுந்து போய் எடை மெஷினில் ஏறி நின்றார். நான் குனிந்து பார்த்தேன். 58.4.