மூன்றாம் எண் டப்பா

என் நண்பரின் தந்தை இளமையில் எடுத்து, தெரிந்தவர்களின் அறைகளிலும் ஒரு சிறு அரங்கிலுமாகச் சில முறை மட்டுமே திரையிட்ட 16 எம்.எம். சோதனைப் படம் ஒன்றின் எஞ்சிய பகுதியை டிஜிட்டலுக்கு மாற்றித் தரும் பொறுப்பை ஏற்றபோது, சில வாரங்களில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதில் பாதிக் காலம், இந்தப் படத்தில் எவ்வளவு தொலைந்திருக்கிறது என்ற ஒரே கேள்விக்குப் போயிற்று.

என் கைக்கு வந்தவை 1 முதல் 4 வரை எண்ணிட்ட நான்கு தகர டப்பாக்கள். முதலாவது, இரண்டாவது, நான்காவது டப்பாக்களில் சுருள்கள் இருந்தன. மூன்றாவதில் சுருள் இல்லை. விரல் நீளமும் கை நீளமுமான வெட்டுத் துண்டுகள் மட்டும் ஒரு காகித உறையில் கிடந்தன. கூடவே, அந்நாளைய திரையிடலுக்காகத் தட்டச்சு செய்த அறிவிப்புத் தாள் ஒன்றும் இருந்தது. படம் சுமார் 40 நிமிடம் என்றும், ஓடும்போது அரங்கில் ஒரு வானொலி ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாம் டப்பாவைத் திறந்ததுமே காடி நெடி மூக்கில் ஏறியது. அசிட்டேட் படச்சுருள் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. வெளியேறிய அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. அமிலத்தின் அளவுக்கேற்ப நிறம் மாறும் சோதனைத் தாள்களை மூன்று டப்பாக்களிலும் போட்டு ஒரு நாள் மூடிவைத்தேன். முதல், நான்காம் சுருள்களில் தாள் நீலமாகவே இருந்தது. இரண்டாம் சுருளில் பச்சையாகிவிட்டது. சுருக்கத்தையும் அளந்தேன். 100 ஃப்ரேம் நீளம் 762 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 755தான் இருந்தது. அந்த நிலையில் அதைப் பழைய ப்ரொஜெக்டரில் ஏற்றினால் பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும் என்பதால், ஓட்டிப் பார்க்கும் ஆசையை அன்றே கைவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. சுருளின் ஓரம் கறுப்பாக இருந்தது. துண்டுகளை இணைத்த ஒட்டுகளை விரலால் தடவினால் மேடு தட்டுப்பட்டது. அப்படியென்றால் இது நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதி அல்ல. கேமராவுக்குள் ஓடிய அதே ரிவர்சல் சுருளை (நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமாகவே கழுவப்படுவது) வெட்டி ஒட்டித் திரையிட்டிருக்கிறார்கள். பிரதி எடுக்கப் பணமில்லாத, வணிகத் திரையுலகுக்கு வெளியே எடுக்கப்பட்ட அண்டர்கிரவுண்ட் படங்களில் இது அடிக்கடி நடந்ததுதான். இதற்கு மூலம் என்று வேறொன்று எங்கும் இருக்காது. காலத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் எளிதாக முடிந்தது. கோடாக் நிறுவனம் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டுக் குறிகள் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. இந்தக் குறி 1948 அல்லது 1968ஐக் காட்டியது. 1948இல் நண்பரின் தந்தை பள்ளிக்கே போகத் தொடங்கியிருக்கவில்லை.

முதலில் அணுகிய ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். பழைய ஒட்டுகளையெல்லாம் பிரித்து, இருபுறமும் ஓரிரு ஃப்ரேம்களை வெட்டியெறிந்து புதிதாக ஒட்டித்தான் ஸ்கேன் செய்வோம் என்றார்கள். சுருள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். துளைகளைப் பிடித்து இழுக்காமல் உருளைகளின் மேல் மட்டும் நகர்த்தும் ஸ்கேனர் வைத்திருந்த இன்னொரு இடத்தில் வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் அவர்கள் அனுப்பிய முதல் கோப்பில் படம் விசித்திரமான அளவுக்குச் சுத்தமாக இருந்தது. கீறல்களை நீக்கும் மென்பொருள், ப்ரொஜெக்டர் போட்ட கீறல்களோடு சேர்த்து, அவர் ஊசியால் தாமே கீறியிருந்த கோடுகளையும் அழித்திருந்தது. முதல் சுருளில் ஒரு முகத்தைச் சுற்றி நடுங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கோடு முற்றாக மறைந்துபோயிருந்தது. மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு இரண்டும் கீறல்தான். இயந்திரக் கீறல் நெடுக்காக, ஃப்ரேம் விட்டு ஃப்ரேம் தொடர்ந்து ஓடும்; கைக் கீறல் பெரும்பாலும் ஒரு ஃப்ரேமுக்குள் அடங்கி, அடுத்ததில் இடம் மாறும், அதுவும் எமல்ஷன் என்ற, படம் பதியும் பூச்சு இருக்கும் பக்கத்தில்தான் விழும். இந்த வேறுபாட்டை எழுதிக் கொடுத்து, தூசியைக் கையால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, எதையும் தானாக நீக்காமல் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னேன்.

ஸ்கேன் கைக்கு வந்ததும் ஃப்ரேம்களின் துல்லியமான எண்ணிக்கை கிடைத்தது: முதல் சுருளில் 15,120, இரண்டாவதில் 14,890, நான்காவதில் 8,202, ஆக மொத்தம் 38,212. நொடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் இது 26 நிமிடம் 32 நொடி. 400 அடிச் சுருளில் அதிகபட்சம் 16,000 ஃப்ரேம் அடங்கும். அப்படியொரு முழுச் சுருள் தொலைந்திருந்தால் மொத்தம் ஏறத்தாழ 38 நிமிடம் வருகிறது. தாளில் உள்ள ‘சுமார் 40’ஓடு பொருந்துகிறது. ஆனால் ஊமைப் பட வேகமான 16இல் ஓட்டினால், கையில் இருப்பதே 39 நிமிடம் 48 நொடி ஆகிவிடுகிறது. அதாவது எதுவுமே தொலையவில்லை!

அந்தக் கணக்கைப் பார்த்த நண்பர் ‘முழுப் படம் கிடைத்துவிட்டது’ என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்கு அவ்வளவு உறுதி வரவில்லை. முதல் சுருளில் ஓர் இசைத்தட்டு சுழலும் காட்சி உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 நொடி ஆகும். அதன் நடுத்தாளில் இருந்த ஒரு கறை மீண்டும் அதே இடத்துக்கு வர 43 ஃப்ரேம் ஆயிற்று. ஆகவே படம் பிடித்தது 24இல்தான். ஆனால் பிடித்த வேகமே ஓட்டும் வேகமாக இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்துச் சோதனைப் படங்களில் கட்டாயமில்லை. அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோல் 1964இல் எடுத்த ‘எம்பயர்’ 24இல் பிடித்து 16இல் ஓட்டப்பட்டது; அதனால்தான் அது எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. முதல் சுருளின் லீடரில் (படம் தொடங்குமுன் வரும் வெற்றுப் பகுதி) பென்சிலால் ‘16’ என்று எழுதியிருப்பதைக் கண்டபோது விடை கிடைத்துவிட்டதாகத் துள்ளினேன். சுருளின் அகலமும் 16 எம்.எம்.தான் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது.

கடைசியில் உதவியவை, அதுவரை குப்பையாக நினைத்து ஒதுக்கிவைத்திருந்த மூன்றாம் டப்பாவின் துண்டுகள். படத்தொகுப்பில் கழித்துப்போட்டவை என்றால் இரு முனைகளிலும் ஒட்டின் எச்சம் இருக்க நியாயமில்லை. மூன்று துண்டுகளில் அது இருந்தது. முதல் இரண்டு சுருள்களின் வலது ஓரத்தில் ஓடிய அதே மெல்லிய ப்ரொஜெக்டர் கீறல் இவற்றிலும் அதே இடத்தில் இருந்தது. ஒரு துண்டு, இரண்டாம் சுருளின் கடைசிக் காட்சியில் பாதி மூடிய கதவு முழுதாக மூடுவதைக் காட்டியது. ஆக, மூன்றாம் சுருள் என்று ஒன்று இருந்திருக்கிறது, திரையிடப்பட்டிருக்கிறது, பிறகு யாரோ அதைப் பிரித்திருக்கிறார்கள். தன் படத்தைத் திரையிடல்களுக்கு இடையே வெட்டிக் குறைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது என்று அவர் மனைவி சொன்னதால், பிரித்தவர் அவரே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தாள், சுருளைப் பிரிப்பதற்கு முன்னால் அடித்ததா பின்னால் அடித்ததா என்று தெரிந்தால் மீதியும் தெளிந்துவிடும். தாளில் தேதி இல்லை.

திரையிடலுக்கு 16 வேகத்தையே தேர்ந்தெடுத்தோம். 24இல் ஓடும் கோப்பாக அதைத் தயாரிக்க, இரண்டுக்கு ஒரு ஃப்ரேமை இருமுறை வைக்க வேண்டியிருந்தது. வேகம் குறிக்காத ஃப்ரேம் கோப்புகளைத் தனியே பத்திரப்படுத்திவிட்டேன். மூன்று துண்டுகளைப் படத்தின் நடுவே செருகலாம் என்று நண்பர் வற்புறுத்தினார். நான் மறுத்து, படம் முடிந்த பிறகு தனியாகக் காட்டினேன். வானொலியை அவர் தாயாரே இயக்கினார்.

சுருள்களைக் குளிர்சேமிப்பில் ஒப்படைத்தபோது நிரப்பத் தந்த படிவத்தில், படம் முழுமையானதா குறையானதா என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தது. உள்ளடக்கம் என்ற இடத்தில் ‘சுருள் 1, 2, 4, வெட்டுத் துண்டுகள் 3’ என்று எழுதினேன். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன்.