முதலில் முதுகு, பிறகு சேணம்

எங்கள் செவலைக் குதிரையின் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், இரு பக்கமும் ஐந்து ரூபாய் நாணய அளவில் இரண்டு வெள்ளைத் தடங்கள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் அவற்றைப் பிறவி மச்சம் என்று நினைத்து, ராசியான சுழியா என்றுகூடக் கேட்கிறார்கள். பொருந்தாத சேணம் ஒன்று நான்கு மாத காலம் அழுத்தி அழுத்தி, அந்த இடத்தில் முடிக்கு நிறம் தரும் உயிரணுக்களைச் சாகடித்துவிட்டது. அதன் பிறகு அங்கே முளைக்கும் முடியெல்லாம் வெள்ளையாகவே முளைக்கிறது. அந்தச் சேணத்தைத் தேடித் தேர்ந்து பணம் கட்டி வாங்கியவன் நான். இரண்டு ஆண்டுகளாகக் குதிரைச் சாமான்கள் வாங்கியதில் கற்றவற்றை எழுத உட்காரும்போது, அந்தத் தடங்களிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் மகள் டெக்சாஸில் மேற்படிப்புப் படித்த இரண்டு ஆண்டுகளில், அங்குள்ள மாடு மேய்ப்பவர்களின் வெஸ்டர்ன் சவாரி கற்றுக்கொண்டு திரும்பினாள். அழகர்கோவில் சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அங்கே ஒரு லாயம் கட்டி, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் ராஜஸ்தானத்து மார்வாரி இனத்தில் நான்கு வயதுப் பெட்டை ஒன்றை வாங்கினோம். காதுகளின் நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். உயரம் 58 அங்குலம். ஒரு கைக்கு 4 அங்குலம் என்ற குதிரைக்காரர் கணக்கில் 14 கையும் 2 அங்குலமும். மகள் இங்கிலீஷ் சேணத்தில் ஏற மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொண்ட முறையிலேயே ஓட்ட வேண்டும் என்று விரும்பினாள். நம் நாட்டில் பந்தயக் குதிரை, தாண்டல் போட்டி, ராணுவம், போலீஸ் என எங்கும் இங்கிலீஷ் முறையே பரவலாக இருப்பதால், வெஸ்டர்ன் சேணத்தைக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு மதுரையில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வெஸ்டர்ன் சேணம் மாடு மேய்ப்பவர்களின் வேலைச் சாமான். ஸ்பானியர்கள் மெக்ஸிகோவுக்குக் கொண்டுவந்த சேணம் அங்கே மாட்டுப் பண்ணைகளில் உருமாறி வடக்கே பரவியது. முன்னால் நிற்கும் கொம்பு, மாட்டின் கழுத்தில் விழுந்த கயிற்றின் மறுமுனையைச் சுற்றிப் பிடிப்பதற்காக வந்தது. நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவர்களுக்கு அகன்ற இருக்கையும், காலுக்கும் குதிரைக்கும் இடையே தொங்கும் அகலமான தோல் மடிப்பும் தேவைப்பட்டன. ஆகையால் எடையும் கூடிற்று. இங்கிலீஷ் சேணம் 5 முதல் 8 கிலோவுக்குள் அடங்கும். வெஸ்டர்ன் சேணம் 12 கிலோவில் தொடங்கி 20 கிலோ வரைகூடப் போகும். இந்த எடையைத் தாங்கிக் குதிரையின் முதுகில் பரப்பிக் கொடுப்பது, தோலுக்குள்ளே மறைந்திருக்கும் மரச்சட்டம். அதை ட்ரீ என்பார்கள். கடைக்காரர் காட்டும் படத்தில் தெரியாத இந்தச் சட்டம்தான் உண்மையில் நாம் வாங்கும் பொருள்.

நான் அதைக் கேட்கவே இல்லை. மகளுக்கு 15 அங்குல இருக்கை வேண்டும் என்று அளந்தேன், அங்கவடியின் உயரத்தை விசாரித்தேன், ஓரத்தில் செதுக்கியிருந்த பூவேலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 38,000 ரூபாய் கட்டி இணையம் வழியாக வாங்கிய அந்தச் சேணத்தின் சட்டம், அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்துக்காகச் செய்யப்பட்டது. அந்த இனத்துக் குதிரைக்கு முதுகு அகலம், மேடு தாழ்வு. மார்வாரிக்கு மேடு உயர்ந்து, இரு பக்கமும் கூரைபோலச் சரியும். அகலமான சட்டம் முன்புறம் கீழே இறங்கி அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. நாங்கள் மெத்தை விரிப்பை இரண்டாக்கினோம். சேணம் சற்று உயர்ந்தது. ஆனால் இப்போது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியதால் வயிற்றுவாரை இன்னும் இறுக்கினோம். சேணத்தைக் கையில் எடுத்தாலே குதிரை காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்ததை, பெட்டைக் குதிரையின் முரண்டு என்று எண்ணி அதட்டினேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். விற்றவரிடம் கேட்டதற்கு, முதுகில் போட்ட சேணத்தைத் திரும்ப எடுப்பதில்லை என்ற பதில் வந்தது.

அளவு எடுக்கும் முறையை மகள்தான் பிறகு சொல்லிக் கொடுத்தாள். மின்வேலைக்காரர் வைத்திருக்கும் தடித்த அலுமினியக் கம்பி ஒரு மீட்டர் போதும். குதிரையைச் சமதரையில் நான்கு காலும் சீராக ஊன்றும்படி நிறுத்தி, தோள்பட்டை எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் பின்விளிம்புக்கு மூன்று விரல் தள்ளிக் கம்பியை முதுகின் குறுக்கே போட்டு, இரு கைகளாலும் உடம்போடு உடம்பாக அழுத்தி வளைக்க வேண்டும். பிறகு வளைவு கெடாமல் எடுத்து அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து, வெட்டி, அந்த அட்டையை மறுபடி குதிரையின் மேல் பொருத்திச் சரிபார்க்க வேண்டும். எங்கள் முதல் அட்டைக்கும் முதுகுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தது. மூன்றாவது அட்டையில்தான் வெளிச்சம் தெரியாமல் படிந்தது. இதே போல நடுமுதுகில் ஒன்று, நெடுக்கில் ஒன்று என மூன்று அட்டைகள் எடுத்தோம். சேணம் விற்பவர்கள் சட்டத்தின் அகலத்துக்கு ‘செமி குவார்ட்டர்’, ‘ஃபுல் குவார்ட்டர்’ என்று சொல்லும் அளவுகளுக்குப் பொதுவான தரம் எதுவும் இல்லை. ஒருவருடைய செமி இன்னொருவருடைய ஃபுல்லாக இருக்கும். அட்டை மட்டும் மாறாது.

குதிரை எவ்வளவு சுமக்கும் என்பதையும் அப்போதே கணக்கிட்டோம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு 165 சென்டிமீட்டர். மார்பு முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம் 154. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். எங்கள் குதிரைக்கு ஏறக்குறைய 353. ஏறுபவரும் சாமானும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதன்படி 70 கிலோ. மகள் 54 கிலோ. சேணத்துக்கும் விரிப்புக்கும் மிஞ்சுவது 16. நான் முதலில் வாங்கிய சேணம் மட்டுமே 17 கிலோ இருந்தது.

தோலைப் பற்றிக் கற்றுக் கொடுத்தவர், மதுரையில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் வண்டிக் குதிரைகளுக்கு வார் தைத்த ஒரு பெரியவர். எல்லோரும் அவரை பாய் என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே. இப்போது பைகளும் இடுப்பு வார்களும் தைக்கிறார். என் சேணத்தை மடியில் போட்டுப் பூவேலையின் மேல் ஒருமுறை கையை ஓட்டிவிட்டு, “தம்பி, மேல்தோலைப் பார்த்து ஏமாறாதீங்க, வெட்டுவாயைப் பாருங்க” என்றார். வாரின் வெட்டிய ஓரத்தைக் கத்தியால் சீவிக் காட்டினார். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறக் கோடு ஓடியது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் அப்படி இருக்கும் என்றும், மரப்பட்டையில் பதனிட்ட தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும் என்றும் சொன்னார். குரோம் தோல் மென்மையானது, கைப்பைக்கும் காலணிக்கும் நல்லது; ஆனால் பாரம் தாங்கும் சேண வாருக்கு அது இழுபட்டு நீளும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில். திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளைப் பற்றித் தெரியாதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. பட்டையில் பதனிட்ட எருமைத்தோலைத் திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்து, வயிற்றுவாரை இழுத்துக் கட்டும் வாரையும், மார்ப்பட்டையையும் பாயே புதிதாகச் செய்து கொடுத்தார்.

அவர் தைப்பதை ஒரு பிற்பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலை இரண்டு மரக்கட்டைகளுக்கிடையில் கவ்வி முழங்காலால் அழுத்திக்கொண்டு, ஊசியால் துளையிட்டு, மெழுகு ஏற்றிய ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் எதிரெதிராகச் செலுத்தி இழுத்தார். இப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தனித்தனி என்பதால் ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரிந்து வரும். வயிற்றுவார் பிரிந்தால் ஏறியிருப்பவர் என்ன ஆவார் என்பதை நினைத்துப் பார்க்கும் எவரும் இந்த ஒரு தையலுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். வளையங்களையும் கொக்கிகளையும் சோதிக்க அவர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருக்கிறார். பித்தளையில் காந்தம் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். எங்கள் பழைய சேணத்தில் பித்தளை என்று சொல்லி விற்கப்பட்ட ஆறு வளையங்களில் ஆறும் ஒட்டின.

மார்ப்பட்டையை எங்கே இறக்கிக் கட்டுவது என்ற பேச்சு வந்தபோது, எங்கள் ஊர் எல்லையில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரைகளைப் பாய் நினைவுபடுத்தினார். வேளார்கள் செய்யும் அந்தப் புரவிகளின் மார்ப்பட்டை மூச்சுக்குழலை நெரிக்காமல், தோள்மூட்டுக்கு மேலாக, மணிவரிசையோடு படிந்திருக்கும். எத்தனையோ புரவி எடுப்பில் கும்பிட்டிருந்தும் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. அழகர் மலை அடிவாரத்தில் ஏற்றம் ஏறும்போது சேணம் பின்னால் வழுக்காமல் காப்பது இந்தப் பட்டைதான்.

இரண்டாவது சேணத்துக்குக் கான்பூரை நாடினோம். பிரிட்டிஷ் ராணுவத்தின் குதிரைகளுக்காக வளர்ந்த சேணத் தொழில் அங்கே இன்றும் ஏற்றுமதித் தொழிலாக நிற்கிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மூன்று அட்டைகளையும் கூரியரில் அனுப்பி, அதற்கேற்ற சட்டம் தர முடியுமா என்று நான்கு பேரிடம் கேட்டோம். மூன்று பேர், எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் என்றார்கள். ஒருவர் மட்டும் குதிரையின் வயது என்ன, முதுகு இன்னும் விரியுமா என்று திருப்பிக் கேட்டார். அவரிடமே வாங்கினோம். 13 கிலோ, பூவேலை கிடையாது. பழைய சேணம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கொம்பை இடுப்பில் முட்டுக் கொடுத்து, பின்விளிம்பை இரு கைகளாலும் தன்னை நோக்கி இழுத்துப் பாருங்கள். நடுவில் மடிந்து கொடுத்தால் உள்ளே சட்டம் உடைந்திருக்கிறது. எவ்வளவு மலிவானாலும் அது வேண்டாம்.

கடிவாள இரும்பில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. வெஸ்டர்ன் என்றாலே நீண்ட தண்டு வைத்த கர்ப் பிட் என்ற கடிவாள இரும்பு அழகாகத் தோன்றும். அது ஒரு நெம்புகோல்: வாய்க்கு மேலே 2 அங்குலமும் கீழே 6 அங்குலமும் இருந்தால், லகானில் நாம் இழுக்கும் ஒரு கிலோ, தாடையில் ஏறக்குறைய மூன்று கிலோவாக இறங்கும். பல் இல்லாத ஈறின் மேல் அந்த இரும்பு கிடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கத்தின் வெஸ்டர்ன் போட்டிகளில், ஐந்து வயது வரையுள்ள குதிரையை, நெம்பும் தண்டு இல்லாத ஸ்னாஃபிள் மாட்டி இரு கைகளாலும் ஓட்டலாம். ஆறு வயது முதல் கர்ப் மாட்டி ஒரு கையால் ஓட்டுவதே அங்கே நெடுநாள் வழக்கம். எங்கள் குதிரைக்கு இப்போது ஆறு வயது. ஆனாலும் அந்தப் போட்டிகள் அந்த இனத்துக்கானவை, எங்களைக் கட்டுப்படுத்தாதவை என்பதால், அது ஸ்னாஃபிளிலேயே இருக்கிறது.

அதே சங்கத்தின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு: வெள்ளி பதித்த சாமான்களுக்கு, நல்ல வேலைக்கான சாமான்களைவிடக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. தை மாதத்தில் நண்பரின் தோட்டத்தில் மகள் வெஸ்டர்ன் சவாரியைச் செய்து காட்டவிருப்பதால் உடை பற்றிப் பேச்சு எழுந்தபோது, இதைத்தான் எடுத்துக்கொண்டோம். காலரும் முழுக்கையும் உள்ள சட்டை முறைப்படி வேண்டும். அமெரிக்காவில் விற்கும் கண்ணாடிக் கல் பதித்த செயற்கை இழைச் சட்டையை மதுரை வெயிலில் அணிய முடியாது. மருதாணிச் சிவப்பில் சுங்குடி எடுத்து, புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். சுவாமி வஸ்திரம் தைத்த கை அது. தோள்பட்டையின் வளைந்த வெட்டை ஒருமுறை படத்தில் காட்டியதும் அப்படியே கொண்டுவந்துவிட்டார். பூட்ஸுக்குத் தனித்துத் தெரியும் குதிகால் அவசியம், இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கி மாட்டிக்கொள்ளும். தொப்பி விஷயத்தில் மகளுக்கும் எனக்கும் சில நாள் பேச்சு நின்றது. “அப்பா, ஹெல்மெட் போட்டா இந்த உடைக்கே அர்த்தம் இல்லை” என்றாள். குதிரையேற்றத்துக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்1163 முத்திரை உள்ள தலைக்கவசம் இல்லாமல் அவள் ஏறுவதில்லை என்று முடிவாயிற்று.

வாங்கிய பிறகு மதுரை வெயிலும் ஐப்பசி மழையும் தோலைச் சும்மா விடுவதில்லை. வியர்வை உப்பு காய்ந்து வாரை வெடிக்க வைக்கும். ஆகவே ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துகிறோம். மழைக்காலத்தில் பெட்டிக்குள் பூட்டினால் பூஞ்சை பூக்கும் என்பதால், காற்று வரும் திண்ணையில் மரத்தாங்கியில் கிடக்கிறது. எண்ணெய் மாதம் ஒருமுறை, மெல்லியதாக. அதிகம் ஊறினால் தோல் தளர்ந்துவிடும்.

நேற்று மாலை மலையடிவாரம் வரை போய்த் திரும்பியதும், சேணத்தையும் கம்பளி விரிப்பையும் நேர்மேலாகத் தூக்கி வியர்வைத் தடத்தைப் பார்த்தோம். முதுகெலும்பின் நெடுக்கில் உலர்ந்த பாதை, அதன் இரு பக்கமும் சீரான ஈரம். அப்படித்தான் இருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும், தோளுக்குப் பின்னால், உள்ளங்கை அளவு ஓரிடம் நனையாமல் இருந்தது. சேணம் மிகவும் அழுத்தும் இடத்தில் வியர்க்காமல் போகும்; அங்கே அழுத்தம் விழுகிறது போலும். கோடையில் மெலிந்த முதுகு இப்போது சதை பிடித்து மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கம்பியை எடுத்து அட்டை வெட்ட வேண்டும். அதுவரை செவலைக்குச் சேணம் கிடையாது.