உள்பக்கத் தாழ்ப்பாள்

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் முன் அளவெடுத்து வரைபடம் போடுவது என் வேலை. முகப்பு, கூடம், மாடி எல்லாவற்றையும் வீட்டுக்காரர்களே கூட வந்து காட்டுவார்கள். எந்த அறையில் யார் பிறந்தார் என்றுகூடச் சொல்வார்கள். சமையலறையைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். "அங்க ஒண்ணும் இல்லீங்க, பழைய சாமான்தான்."

வேலையாட்கள் தங்கிய அறைகள் அங்கேதான் இருக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் தூரத்தில். அப்படி ஒன்று, மாடிப்படிக்கு அடியில். ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் குனிய வேண்டும். ஜன்னல் கிடையாது. சுவரில், தரையில் உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், எண்ணெய்க் கறை. வருஷக்கணக்கில் யாரோ சாய்ந்து உட்கார்ந்த இடம். அதற்கு மேலே துணி மாட்ட இரண்டு ஆணி. கதவின் வெளிப்பக்கம் கனமான தாழ்ப்பாள். உள்பக்கம் எதுவுமே இல்லை. ஒருவேளை கழற்றியிருப்பார்களோ என்று கதவையும் நிலையையும் தடவிப் பார்த்தேன். ஒரு திருகாணித் துளைகூட இல்லை.

அங்கே படுத்தவர் ஒரு பெண்ணாக இருந்திருக்கலாம், சிறுமியாகவும் இருந்திருக்கலாம். இரவில் அந்தக் கதவை யார் வேண்டுமானாலும் திறந்திருக்க முடியும். எனக்கு இதை வெறும் அளவாக எழுதிவிட்டு நகர முடியவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. கூடவே வந்த 201-ஆம் பரிந்துரை, தங்க இடம் கொடுத்தால் அது தனி அறையாக, காற்றோட்டத்தோடு, பூட்டு உள்ளதாக இருக்க வேண்டும், சாவி பணியாளரிடம் தரப்பட வேண்டும் என்கிறது. சாவி யார் கையில் என்பதைக்கூட எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கிறது. அந்தக் கதவைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

இது பழைய கதை மட்டும் இல்லை. புதுப்பிக்கும்போதும் சிலர் அதே இடத்தைக் காட்டி, "ராத்திரி படுக்க மட்டும்தானே, இது போதும்" என்கிறார்கள். போதாது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். தாழ்ப்பாளும் பூட்டும் பெரிய செலவே இல்லை, அதற்குச் சீக்கிரம் சம்மதித்துவிடுவார்கள். தகராறு ஜன்னலில்தான் வரும், சுவரை உடைக்க வேண்டுமே. சரி, உடைக்க வேண்டாம், அதைச் சாமான் அறையாகவே வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்பவருக்கு மேலே காலியாகக் கிடக்கும் அறைகளில் ஒன்றைக் கொடுங்கள் என்பேன்.