காது நின்றால் நாமும் நிற்க வேண்டும்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் யானையைப் பார்த்ததைவிட அதன் லத்தியைப் பார்த்ததுதான் அதிகம். மசினகுடிக்குக் கிழக்கே, சீகூர்ப் பீடபூமியில் ஒரு ஆய்வுத் திட்டத்தில் களப் பணியாளர் வேலை. கையில் தையல்காரர் வைத்திருக்கும் டேப், ஒரு நோட்டு, இரண்டு பேனா. லத்தி உருண்டையின் சுற்றளவை அளக்க வேண்டும். பிறகு குச்சியால் பிளந்து உள்ளே இருப்பது புல்லா, மூங்கிலா, வேலமரப் பட்டையா என்று பார்க்க வேண்டும். யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை, அதனால் நேற்று என்ன சாப்பிட்டது என்பது அப்படியே தெரியும். "என்ன வேலைப்பா?" என்று அம்மா போனில் கேட்டால் "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

என்னோடு வந்தவர் பக்கத்துக் கிராமத்து இருளர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு அண்ணா. அவருக்கு நான் முதலில் சார். தடம் பார்ப்பதில் அவருக்கு நிகர் அங்கே யாரும் இல்லை. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து, அதை இரண்டு மடங்காக்கித் தூக்கிப் பிடிப்பார். "இவ்வளவு உசரம்" என்பார். யானையின் தோள் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று புத்தகமும் சொல்கிறது. புத்தகம் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆனால் பாதி அழிந்த தடத்தில் நூலை எங்கே வைப்பது என்று தெரியாது.

நோட்டில் ஐந்து கட்டங்கள். நேரம், இடம், எண்ணிக்கை, ஆண் பெண் விவரம், கடைசியாக நடத்தை. முதல் நான்கில் தகராறு இல்லை. ஐந்தாவதில்தான் என் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்தது.

ஆறு வாரம் ஆகியிருக்கும். ஏப்ரல் வெயில், உண்ணிச்செடிகூடக் காய்ந்து சருகாய் நின்றது. மாயாற்றை நோக்கி இறங்கும் ஒரு வழியில், வேலமர நிழலில் ஒரு பிடியானையும் அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டியும். தாயின் வயிற்றுக்கடியில் நுழைகிற உயரம் என்றால் குட்டிக்கு ஒரு வயதுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். பிடி காதை ஆட்டிக்கொண்டே இருந்தது. நான் ஐந்தாவது கட்டத்தில் "எரிச்சல்" என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் காது நின்றது. வாலும் நின்றது. "அமைதி" என்று எழுதிவிட்டு, குட்டி ஆணா பெண்ணா என்று பார்க்க நான்கு அடி முன்னே வைத்தேன்.

சட்டைக் காலரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். அண்ணாதான். அதற்குள் அது வந்துவிட்டது. காது இரண்டும் விரிந்து, ஒரு பிளிறல், இருபது அடி ஓட்டம். பிறகு பிரேக் போட்டது போல் நின்றது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் புழுதி மட்டும்தான். முதுகைக் காட்டாமல் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஜீப்புக்கு வந்தோம். நோட்டு எங்கே விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் காலை போனபோது விழுந்த இடத்திலேயே கிடந்தது. அட்டையில் கரையான் ஏறியிருந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அண்ணா திட்டவில்லை. "காது நின்னா நாமளும் நிக்கணும் தம்பி" என்றார். சார் போய்த் தம்பி வந்தது அன்றைக்குத்தான். "மிக்ஸி ஓடுறப்ப வாசல்ல யாராவது கூப்பிட்டா என்ன பண்ணுவே? மிக்ஸியை நிறுத்திட்டுத்தானே காது குடுப்பே?"

அவ்வளவுதான் விஷயம். யானையின் காது ஒரு விசிறி. காதின் பின்புறம் முழுக்க ரத்தக்குழாய்கள். ஆட்ட ஆட்ட அதில் ஓடும் ரத்தம் குளிர்ந்து உடம்புக்குத் திரும்புகிறது. ஏப்ரல் மாத மத்தியானத்தில் அது எரிச்சல் இல்லை, சும்மா நிழலில் ஓய்வு. விசிறியை நிறுத்தினால்தான் ஏதோ கேட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் இரண்டையும் சரியாகத் தலைகீழாக எழுதியிருந்தேன். அப்புறம் அண்ணா இன்னொன்றும் சொன்னார். காதை விரித்துச் சத்தம் போட்டு வருவது பெரும்பாலும் மிரட்டல். சத்தமில்லாமல், துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு வருவதுதான் வினை. "பெரும்பாலும்" என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார்.

மாதக் கடைசியில் திட்டத் தலைவர் என் நோட்டைப் பார்த்தார். கோபம், எரிச்சல், அமைதி, பாசம், எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. "பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே" என்று ஓரத்தில் ஒரு வரி. எனக்குச் சுள்ளென்றுதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் பார்க்கவே ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும். "கோபம்" என்று எழுதி முடித்தவன் அதற்குமேல் எதற்குப் பார்க்கப்போகிறான்?

தெப்பக்காடு சாலையோரம் ஒரு கொம்பனைப் பல நாள் பார்த்தோம். சாலையைக் கடக்க வரும், வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். முன்னங்கால் ஒன்றை முன்னும் பின்னுமாய் ஊஞ்சல் போல ஆட்டும். புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டும். தட்டுவது மண்ணை உதிர்க்க, வழக்கமான சாப்பாட்டு வேலைதான். ஆனால் தட்டிக்கொண்டே இருந்தும் வாயில் போடவில்லை என்றால்? "போலாமா வேண்டாமான்னு யோசிக்குது" என்றார் அண்ணா. நடத்தையியல் நூல்களும் இதைத்தான் சொல்கின்றன. இரண்டு உந்துதல்கள் மோதும்போது விலங்கு சம்பந்தமில்லாத மூன்றாவது காரியம் ஒன்றைச் செய்யும். இன்டர்வியூ வாசலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகுகிறோமே, அதுபோல. கொம்பன் ஒருநாள் பதினொரு நிமிடம் தட்டியது. அதற்குள் நான்கு வண்டிகள் நின்று, படம் எடுக்க ஆள் இறங்கி, எங்கள் கத்தல் யார் காதிலும் விழவில்லை.

மதத்தைப் பற்றி எனக்கு இருந்த எண்ணமும் நம் பேச்சு வழக்கிலிருந்து வந்ததுதான். மதம் பிடித்தது என்றால் புத்தி கெட்டது என்று அர்த்தம் செய்துவைத்திருக்கிறோம். உண்மையில் நன்றாகத் தின்று தேறிய ஆண் யானைக்குத்தான் அது ஒழுங்காக வரும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் நீர் வழியும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், பெண்ணைத் தேடி நெடுந்தூரம் போகும். மதநீரில் வண்டு மொய்ப்பதாகப் பழம்பாடல்களில் வரும். நான் பார்த்தவரை மொய்த்தது ஈதான். பூச்சிக்கு வேறு வகையில் ஒரு தொடர்பு உண்டு. இணைசேரத் தயாரான பிடியின் சிறுநீரில் ஆணை ஈர்க்கும் வேதிப்பொருளை 1996-இல் கண்டுபிடித்தபோது, பல அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்துவதும் அதே பொருள்தான் என்று தெரிந்தது.

கூட்டமாக மேயும் யானைகள் சில சமயம் எல்லாம் ஒரே நொடியில் உறைந்து நிற்கும். வாயில் புல் தொங்கும், மெல்லாது. குட்டிகூட நிற்கும். அண்ணா சைகை காட்டுவார், பேசிக்கொள்கின்றன என்று. எனக்கு ஒன்றும் கேட்காது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்கு அருகே நின்றிருந்த ஆய்வாளர் கேட்டி பெய்ன் காற்றில் ஒரு அதிர்வை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்ததில் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை, மனிதக் காது தொடங்கும் இடத்தை ஒட்டியும் அதற்கு அடியிலும் ஓடும் குரல்கள் இருந்தன. அண்ணாவிடம் இதைச் சொன்னேன். "சரி" என்றார். அவருக்கு அது செய்தியாகவே இல்லை.

2023 மே மாதக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 2,961 யானைகள் என்று வந்தது. அந்தப் பெரிய எண்ணைவிட அதே வருடம் நாங்கள் பார்த்த ஒரு பிடிதான் எனக்கு நிற்கிறது. ஓடைக்கரையில் செத்த குட்டியின் பக்கத்தில் நின்றது. நாங்கள் தூரத்துப் பாறைமேல் இருந்தோம். "இதுக்கு என்ன எழுதுவே?" என்று கேட்டார் அண்ணா. காலை 7:10, முன்னங்காலால் குட்டியின் முதுகைத் தொட்டது. 7:25, துதிக்கை நுனியைக் குட்டியின் வாயருகே வைத்து எடுத்தது. 8:40, கூட்டம் நகர்ந்தது, அது நகரவில்லை. 11:15, மண்ணள்ளித் தன் முதுகில் போட்டது. சாயங்காலம் வரை இப்படியே ஒன்றரைப் பக்கம். சிவப்பு மையால் அடிக்க அதில் ஒரு சொல்லும் இல்லை. திட்டத் தலைவர் படித்துவிட்டு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

திட்டம் முடிந்து இப்போது கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. போன மாதம் குடும்பத்தோடு ஒரு கோயிலுக்குப் போனோம். மண்டபத்தில் யானை. சங்கிலி போட்ட காலை வைத்தபடி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவர் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பாரு பாரு, யானை டான்ஸ் ஆடுது" என்றார். குழந்தை கை தட்டியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். கொம்பன் சாலையைக் கடந்ததும் காலாட்டுவதை நிறுத்திவிடும். இது நிற்கவில்லை. முதல் நிமிடம் 22. இரண்டாவது நிமிடமும் 22. "வரிசை நகருது, வாங்க" என்றாள் மனைவி.