சத்தம் வந்தது, படம் வரவில்லை

அக்கா மகன் முதன்முதலாக சைக்கிள் ஓட்டிய வீடியோ, நாலு நிமிடம். வாட்ஸ்அப்பில் போட்டால் தரம் போய்விடும் என்று கிளவுடில் ஏற்றி லிங்க் அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்தால், "பிடிச்சுக்கோம்மா, விட்றாத!" என்று அவன் அலறுவது மட்டும் கேட்கிறது. திரை கன்னங்கரேல்.

முதலில் ஃபைல் பெயரின் கடைசியில் இருந்த எம்ஓவி-யை எம்பி4 என்று மாற்றிப் பார்த்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எம்பி4, எம்கேவி, எம்ஓவி எல்லாம் பெட்டிகள்தான். உள்ளே படம் எந்த கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், சுருக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். மேலே ஒட்டிய சீட்டைக் கிழித்து வேறொன்றை ஒட்டியதால் எதுவும் மாறவில்லை.

அடுத்து, எல்லா வீடியோவும் ஓடும் என்று சொன்ன ஒரு கோடெக் பேக்கை நிறுவினேன். சைக்கிள் வீடியோ அப்படியே கறுப்பாக இருந்தது; அதுவரை ஒழுங்காக ஓடிய பழைய வீடியோக்கள் சில தலைகீழாக ஓடின! நீக்கியும் சரியாகவில்லை, சிஸ்டம் ரீஸ்டோர் வரை போக வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

பிறகுதான் விஎல்சி என்ற வீடியோ பிளேயர். அது தனக்கு வேண்டிய டிகோடர்களை, அதாவது சுருக்கியதை விரிக்கும் நிரல்களை, தன்னுள்ளேயே வைத்திருக்கிறது, விண்டோஸிடம் கேட்பதில்லை. படம் வந்தது. ஆனால் வந்த விதம்! பையன் பெடலில் கால் வைத்தபடி உறைந்து நிற்கிறான், சக்கரம் சதுரம் சதுரமாக உடைகிறது, சத்தம் மட்டும் தெருமுனைக்குப் போய்விட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ப்ராசஸர் 100 சதவீதத்தில் மூச்சிரைக்கிறது. படங்களைக் கையாளும் ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' கோடு தரையோடு படுத்திருக்கிறது.

போன வருடம் அதே போனில் எடுத்த இன்னொரு வீடியோ என்னிடம் இருந்தது. பழைய பிளேயரில் அதுவும் கறுப்புதான். விஎல்சியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டையும் வீடியோ ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் போட்டு அக்கம்பக்கமாக வைத்தேன். இரண்டின் கோடெக்கும் எச்இவிசி, அதாவது எச்.265. இரண்டும் 4கே. இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தும் தப்பவிட்ட ஒரு வரி மூன்றாம் முறை கண்ணில் பட்டது: பிட் டெப்த். பழையதில் 8, புதியதில் 10.

ஆக, எனக்கிருந்தது ஒரு கோளாறல்ல, இரண்டு. பழைய பிளேயருக்கு எச்இவிசியே தெரியாது, அதனால் கறுப்பு. விஎல்சிக்குத் தெரியும், ஆனால் 2015 காலத்து என் ப்ராசஸரில் வீடியோவை விரிப்பதற்கென்றே இருக்கும் டிகோட் சர்க்யூட்டுக்கு 8 பிட் எச்இவிசி வரைதான் வரும். 10 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குப் பதில் 1024. சர்க்யூட் கைவிரித்ததும் மொத்தச் சுமையும் சிபியு தலையில். ஒன்றை இன்னொன்றின் அறிகுறி என்று நினைத்துத்தான் இத்தனை நாள் சுற்றியிருக்கிறேன்.

வீடியோவை வேறு கோடெக்குக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக்கில் எச்.264, 1080பி என்று மாற்றினேன். 2003-இல் வந்த அந்த கோடெக் ஓடாத கம்ப்யூட்டரை நான் பார்த்ததில்லை. முதலில் 20 வினாடி மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு முழுவதையும் போட்டேன். வினாடிக்கு எத்தனை படம் என்ற ஃப்ரேம் ரேட்டை 'கான்ஸ்டன்ட்' என்று வைத்தேன். போன் வீடியோக்களில் அது ஏறி இறங்குவதால் சில சமயம் சத்தம் விலகிப்போகும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனாலும் ஓடியது. மூல ஃபைலை அழிக்கவில்லை. 10 பிட் எங்கிருந்து வந்தது? வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகப் பிடிக்கும் எச்டிஆர் மேல்தான் சந்தேகம்.

"அக்கா, கேமரா செட்டிங்ல எச்டிஆர் ஆன்ல இருக்கா பாரு."

"ஆமாடா, கலர் பளிச்னு வரும்னு போன வாரம்தான் போட்டேன்."

அணைத்துவிட்டாள். அடுத்த வீடியோ 8 பிட்டில் வந்தது. அதில் அவன் பிடிக்க ஆளே இல்லாமல் ஓட்டுகிறான். சக்கரம் முழு வட்டமாகச் சுற்றுகிறது.