விழித்திரையின் எல்லையைக் கோடுகளால் அளந்து பார்ப்பது

கண் பரிசோதனை அட்டையில் 6/6 வரியைப் படித்துவிட்டால் பார்வை உச்சத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த வரி கேட்பது பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குள் 30 கருப்பு-வெள்ளைக் கோட்டு ஜோடிகளைப் பிரித்தறியும் திறமையைத்தான். விழித்திரையால் ஏறக்குறைய இருமடங்கு முடியும். பார்வையில் ஒரு டிகிரி என்பது விழித்திரையில் சுமார் 0.29 மி.மீ. விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் சிறு குழியான ஃபோவியாவின் நடுவில், ஒளியை உணரும் கூம்பு செல்கள் கிட்டத்தட்ட 2.5 மைக்ரானுக்கு ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. ஆக டிகிரிக்கு 116 கூம்புகள். கருப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என்றால் 58 ஜோடி. 60 என்றே வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் அளக்கும் முறைக்கு ஒரு பிரிண்டரும் அளவு நாடாவும் போதும். 1 மி.மீ. கருப்பு, 1 மி.மீ. வெள்ளை எனக் கோடுகள் வரைந்து, பளபளப்பில்லாத தாளில் 100% அளவில் அச்சிட வேண்டும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள், அளவைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். 20 ஜோடிகள் சரியாக 40 மி.மீ. வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பிறகு 5 செ.மீ. வட்டமாக வெட்டுங்கள். சதுரமாக விட்டால் மூலைகளே திசையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கோடுகளுக்கு ஒவ்வொரு மீட்டர் தூரமும் டிகிரிக்கு 8.7 ஜோடி. 3.4 மீட்டரில் 6/6-க்கு இணை, 6.9 மீட்டரில் விழித்திரையின் எல்லை. நல்ல வெளிச்சம் தேவை. மங்கலில் கண்மணி விரிந்து, லென்ஸின் ஓரக் குறைகள் பிம்பத்தைக் கலைக்கும்.

ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்தாமல். அழுத்திய கண் திறந்ததும் சற்று நேரம் மங்கலாகவே தெரியும். “கோடு தெரிகிறதா?” என்று கேட்பதில் பயனில்லை, ஆசைக்குத் தெரிந்துவிடும். இன்னொருவர் நீங்கள் பார்க்காதபோது வட்டத்தைத் திருப்பிவைக்க, கோடுகள் நிற்கின்றனவா படுத்திருக்கின்றனவா என்று நீங்கள் சொல்ல வேண்டும். பத்தில் எட்டு சரியானால் அரை மீட்டர் பின்னால் போகலாம். கண்ணை இடுக்கக் கூடாது. அடிக்கடி சிமிட்டலாம், சிமிட்டவும் வேண்டும், காய்ந்த கண்ணீர்ப்படலமே கோடுகளை அழித்துவிடும்.

4 முதல் 6 மீட்டருக்குள் நின்றுவிட்டால் ஏமாற வேண்டாம். 2 மி.மீ. கண்மணியில் ஒளியின் விளிம்பு விலகல், அதாவது சிறு துளை வழியே போகும் ஒளி பரவிவிடுவது, டிகிரிக்கு 63 ஜோடியோடு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. அதற்கு முன்பே கோடுகளின் கருப்பு-வெள்ளை வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். லென்ஸும் கூம்புகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு அமைந்திருப்பது வியப்புதான். இரண்டு லேசர் கதிர்கள் சேர்ந்து உண்டாக்கும் குறுக்கீட்டுக் கோடுகளை நேரே விழித்திரையில் விழச்செய்து லென்ஸின் குறையைத் தவிர்க்கும் ஆய்வகங்களில், 60-ஐத் தாண்டியதும் வெறும் சாம்பல் நிறம் தெரிவதில்லை. இல்லாத அகன்ற பட்டைகள் நெளிகின்றன. கூம்புகளின் வரிசையும் கோடுகளின் வரிசையும் மோதுவதால் வரும் போலி உருவம் அது.

3.4 மீட்டரைக்கூட எட்டவில்லையென்றால், வேறொரு அட்டையில் 1.2 மி.மீ. துளையிட்டு அதன் வழியே பாருங்கள். தெளிவு கூடினால் பெரும்பாலும் கண்ணாடி பவர் குறை, விழித்திரையின் குறையல்ல. ஆனால் அந்தத் துளையே 38 ஜோடியோடு, அதாவது 4.4 மீட்டரோடு, தடுத்துவிடும். ஏற்கெனவே 5 மீட்டரில் பார்ப்பவருக்குத் துளை பார்வையைக் கெடுக்கவே செய்யும். துளையிலும் தேறாத கண்ணைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.